பதினொன்றரை அங்குலத் திரையும் தமிழ் மெய்ப்பும்

பழைய நூல்களை மின்னூலாக்கும் பணியில் மெய்ப்புத் திருத்துநராக இருக்கிறேன். செங்கல்பட்டிலிருந்து எழும்பூருக்கு மின்தொடர் வண்டியில் வந்து போவதிலேயே நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் கழிந்துவிடும். அந்த நேரத்தில் நான்கு பக்கமாவது திருத்தலாமே என்றுதான் 2022ஆம் ஆண்டு சென்னை ரிச்சி தெருவில் 21,500 ரூபாய் கொடுத்து ஒரு சிறிய மடிக்கணினியை வாங்கினேன். 11.6 அங்குலத் திரை, இன்டெல் செலரான் என்4020 செயலி, 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பகம், எடை 1.2 கிலோ. "நெட் பார்க்க, டைப் அடிக்க இது தாராளமா போதும் மேடம்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் நான் தட்டச்சு செய்வதும் திருத்துவதும் தமிழில் என்பதால் வரவிருந்த சங்கடங்களை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. நானும் அன்று அறிந்திருக்கவில்லை.

முதல் நாள் மாலையே ஒரு தடை வந்தது. கணினியில் இருந்தது விண்டோஸ் 11இன் 'எஸ் மோடு' என்னும் வகை. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள மென்பொருள்களைத் தவிர வேறெதையும் அதில் நிறுவ முடியாது. ஆண்டுக்கணக்காக என் கை பழகிய இ-கலப்பை என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுவப் போனபோது கணினி மறுத்துவிட்டது. அந்த முறையிலிருந்து கட்டணமின்றி வெளியே வந்துவிடலாம்; ஒருமுறை வந்துவிட்டால் திரும்பிப் போக முடியாது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. குறைந்த விலைக் கணினி வாங்குவோர் பெட்டியின் மேல் 'எஸ்' என்ற எழுத்து இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

விசைப்பலகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி ஏற்கப்பட்ட தமிழ்99 அமைப்பில்தான் நான் தட்டச்சு செய்கிறேன். அதில் ஆங்கில எழுத்து விசைகள் மட்டும் போதா. வலப்புற ஓரத்தில் உள்ள குறியீட்டு விசைகளும் தமிழ் எழுத்துகளே. சதுர அடைப்புக்குறிகள் இரண்டும் 'ச', 'ஞ'; அரைப்புள்ளி 'ந'; ஒற்றை மேற்கோள் 'ய'; சாய்கோடு 'ழ'. சிறிய மடிக்கணினிகளைச் செய்பவர்கள் இடம் போதாமல் குறுக்குவதோ சரியாக இந்த விசைகளைத்தான். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அரைப்புள்ளி விசை பாதி அகலமாக இருந்தால் பெரிய இழப்பில்லை. தமிழில் எழுதுபவருக்கு 'நான்', 'நாம்', 'சொல்', 'யார்', 'தமிழ்' என்று வரிக்கு இரண்டு மூன்று முறையாவது விரல் அங்கே போக வேண்டும். என் கணினியில் 'ய' விசை சுண்டுவிரல் நகத்தின் அளவுக்கே இருந்தது; அதைத் தவறவிட்டால் விரல் எண்டர் விசையில் விழுந்து பத்தி உடைந்துவிடும். பழகுவதற்கு ஒரு மாதம் பிடித்தது. பழகிய பிறகும் வீட்டிலுள்ள பெரிய விசைப்பலகையில் வரும் வேகத்தில் முக்கால் பங்குதான் வந்தது. ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில எழுத்துகளை வைத்துத் தமிழைத் தட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இராது.

அடுத்தது திரை. எனக்கு வரும் கோப்புகள் பழைய அச்சுப் பக்கங்களை ஒளிவருடி எடுத்து, எழுத்துணரி மென்பொருளால் உரையாக்கியவை. அந்த மென்பொருள் அடிக்கடி செய்யும் பிழை, துணைக்காலை 'ர' என்று கொள்வது: 'நாடு' என்பது 'நரடு' ஆகும், 'காலம்' என்பது 'கரலம்' ஆகும். காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு, அடியில் சாய்ந்து இறங்கும் அந்தச் சிறு கீற்று ஒன்றுதான். 1366×768 புள்ளிகள் கொண்ட மலிவான திரையில், அதுவும் சன்னல் வெளிச்சம் மேலே விழும்போது, அந்தக் கீற்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் வண்டியில் திருத்திய 40 பக்கங்களை ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள பெரிய திரையில் மறுபடி பார்த்தபோது, நான் தாண்டிப்போன 'ர' மட்டும் 11 இருந்தன. அன்று மிகவும் வருந்தினேன், ஏனெனில் அவற்றில் ஏழு பக்கங்களை முடிந்தவை என்று ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தேன். அன்றிலிருந்து எழுத்தளவை 18 புள்ளிக்கு உயர்த்தி, பக்கத்தின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தெரியும்படி வைத்துப் படிக்கிறேன். ஒளிவருடிய படத்தையும் உரையையும் அருகருகே வைத்து ஒப்பிடும் வேலையை இந்தத் திரையில் செய்வதே இல்லை.

மூன்றாவது குறை சேமிப்பகம். 64 ஜி.பி. என்று விற்கப்படுவதைக் கணினி 58 அளவில்தான் காட்டும். அதில் பாதிக்கு மேல் விண்டோஸே எடுத்துக்கொள்ளும். உண்மையில், விண்டோஸ் 11 இயங்குவதற்குக் குறைந்தபட்சம் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வகுத்திருக்கும் அளவே 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. சேமிப்பகமும்தான்; வாங்கிய நாளிலேயே என் கணினி அந்தக் கோட்டின் மேல்தான் நின்றிருக்கிறது. அடுத்த ஆண்டு வந்த பெரிய புதுப்பிப்பு, இடம் போதாமல் மூன்று முறை தோற்றது. கடைசியில் ஒரு பென் டிரைவைச் செருகி, தற்காலிகக் கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளச் செய்து, இரவு முழுவதும் ஓடவிட்டு முடித்தேன். அதற்குப் பிறகு பொறுமை இல்லாமல், விண்டோஸை விட்டு லுபுண்டு லினக்ஸ் என்னும் எடை குறைந்த இயங்குதளத்துக்கு மாறிவிட்டேன். தமிழ்99 அதிலேயே கிடைக்கிறது, லிப்ரே ஆபிஸ் நிதானமாக ஓடுகிறது, இடமும் பாதிக்கு மேல் மிச்சம். ஆனால் இந்தக் கணினியில் உள்ள இ.எம்.எம்.சி. என்னும் வகைச் சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டது. பழுதானால் கழற்றி மாற்ற வழியில்லை என்பதால், வண்டியை விட்டு இறங்குமுன் அன்றைய கோப்பை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துவிடுகிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் இதை வாங்கியதற்காக நான் வருந்தவில்லை. விசிறி இல்லாததால் மடியில் வைத்தால் சத்தமில்லை. போக வர இரண்டு பயணத்துக்கும் ஒரே மின்னேற்றம் போதும். நின்றுகொண்டே போகும் நாளில் தோள்பையில் கனமே தெரிவதில்லை. முதல் வாசிப்புக்கும், கடிதம் எழுதவும், குறிப்பெடுக்கவும் மிகவும் உகந்தது. ஆனால் வீட்டில் வேறு கணினி இல்லாத ஒருவருக்கு, குறிப்பாக நான்கு ஆண்டுக் கல்லூரிப் படிப்புக்குப் போகும் பிள்ளைக்கு, இது ஒன்றையே வாங்கித் தர நான் சம்மதிக்க மாட்டேன்.

*

திருச்சியிலிருந்து இன்னொருவர்:

என் அனுபவம் இன்னும் பழையது. 2007ஆம் ஆண்டு ஆசுஸ் நிறுவனத்தின் ஈ பிசி 701, 7 அங்குலத் திரையும் 4 ஜி.பி. சேமிப்பகமுமாக வந்து 'நெட்புக்' என்ற சிறிய, மலிவான மடிக்கணினி இனத்தையே பரவலாக்கியது. 2009ஆம் ஆண்டு நான் வாங்கியது அந்த வழியில் வந்த வேறொரு 10 அங்குலக் கணினி: இன்டெல் ஆட்டம் என்270 செயலி, 1 ஜி.பி. ரேம், விண்டோஸ் எக்ஸ்பி. அதன் திரை உயரம் 600 புள்ளிகள் மட்டுமே. பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஏதாவது ஓர் உரையாடல் பெட்டி திறந்தால் அதன் 'சரி' பொத்தான் திரைக்குக் கீழே மறைந்துபோகும். டேப் விசையை எண்ணி எண்ணி அழுத்தி, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொத்தானுக்கு வந்துவிட்டோம் என்று கணித்து எண்டர் தட்டுவேன். ஒருமுறை கணக்குப் பிசகி 'ரத்து' மேல் விழுந்ததில் ஒரு துண்டறிக்கையின் அமைப்பு முழுவதும் போயிற்று.

ஆனால் மேலே எழுதியிருப்பவரின் கணினிக்கு இல்லாத ஒன்று அதற்கு இருந்தது. அடிமூடியில் இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் ரேமை மாற்றலாம். 1 ஜி.பி.யை எடுத்து 2 ஜி.பி. போட்டேன், பிறகு வன்தட்டையும் மாற்றினேன். 2015 வரை உழைத்தது. இன்று மெலிதாக வரும் மலிவுக் கணினிகளில் அடிமூடியைத் திறந்தாலும் மாற்றுவதற்கு எதுவும் இருப்பதில்லை. ஆகவே வாங்கும்போது விலையில் இரண்டாயிரம் மூவாயிரம் கூடினாலும் 8 ஜி.பி. ரேம் உள்ளதை எடுக்கும்படிதான் என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

*

சேலத்திலிருந்து மற்றொருவர்:

குரோம்புக், அதாவது கூகுளின் குரோம் ஓ.எஸ். இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினி வாங்கப் பார்ப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 2022ஆம் ஆண்டு என் மகளுக்குத் தள்ளுபடி விலையில் ஒன்று வாங்கினேன். அதற்குப் புதுப்பிப்புகள் நிற்கும் தேதி நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த வகைக் கணினி முதலில் வெளியான காலத்திலிருந்து கணக்கிடப்படும் என்பது பிறகுதான் தெரிந்தது. கடை அலமாரியில் கிடந்த காலமும் நம் கணக்கிலேயே கழிந்துவிடுகிறது. 2023ஆம் ஆண்டு கூகுள் அந்தக் காலத்தைப் பத்து ஆண்டுகளாக உயர்த்தியது. 2021க்கு முன் வெளியான வகைகளுக்கு அதைப் பயனரே தேர்ந்துகொள்ள வேண்டும். அமைப்புகளில் 'குரோம் ஓ.எஸ். பற்றி' என்ற பகுதியில் அந்தத் தேதி இருக்கும். பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.