வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவதா, விற்றுவிட்டுப் போவதா?

தரைத்தளம்:
சென்னை மடிப்பாக்கத்தில் அப்பா கட்டிய தனி வீடு. அன்றைக்கு மூன்று படி ஏறி உள்ளே போனோம். இன்றைக்குத் தெருவிலிருந்து இரண்டு படி இறங்குகிறோம். ரோடு போட வந்தவர்கள் யாரும் பழைய தாரைச் சுரண்டவில்லை, மேலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். 2015 வெள்ளத்திலும் 2023 வெள்ளத்திலும் கட்டில் முங்கியது. ஐப்பசி பிறந்தாலே அம்மா அரிசி டிரம்மைப் பரணில் ஏற்றச் சொல்லிவிடுவார். வீடு தூக்கும் வேலை செய்கிற ஹரியானா ஆட்கள் ஜாக்கி வைத்து நாலடி தூக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். தூக்கிய அனுபவம் யாருக்காவது உண்டா? தெருவில் புதிதாக மழைநீர் வடிகால் கட்டியிருக்கிறார்களே, அது போதாதா?

கீழ்க்கட்டளைவாசி:
நாங்கள் தூக்கினோம். சுவரை ஒட்டித் தோண்டி, அஸ்திவாரத்துக்கு மேலே வரிசையாக ஜாக்கி வைத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள். அப்புறம் இடைவெளியில் செங்கல் கட்டு. விரிசல் சில இடங்களில் வந்தது, பூசிவிட்டோம். செப்டிக் டேங்க், சம்ப், ஈபி மீட்டர் மூன்றும் கீழேயே நின்றுவிடும். அந்தச் செலவை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள்.

பழைய ஓவர்சியர்:
தம்பி, வடிகாலை நம்பித் தூக்காமல் இருந்துவிடாதீர்கள். உங்கள் பக்கத்துத் தண்ணீர் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குத்தான் போகவேண்டும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம். சதுப்பு நிரம்பி, கடலும் ஏற்றமாக இருந்தால், வடிகால் எத்தனை அகலமாக இருந்தாலும் தண்ணீர் அதிலேயே நிற்கும். சில இடங்களில் திரும்பியும் வரும். அந்தச் சதுப்பில்தான் குப்பை மேடு, ரோடு, கட்டடம் எல்லாம் ஏற்றினோம். 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்தார்கள், மிச்சமிருப்பதையாவது காப்பாற்ற.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு எந்தத் தெரு வடிகாலும் கட்டப்படுவதில்லை. தூக்குவதென்றால் ரோட்டு மட்டத்திலிருந்து அளக்காதீர்கள், ரோடு இன்னும் ஏறும். 2015 தண்ணீர்க் கறை சுவரில் எங்கே இருக்கிறதோ, அதற்கு மேலே போங்கள்.

நகரமைப்பு மாணவி:
கோபன்ஹேகனில் 2011 ஜூலையில் இரண்டு மூன்று மணி நேரத்தில் சுமார் 15 செ.மீ. மழை. அடுத்த ஆண்டே நகரத்துக்கென்று பெருமழைத் திட்டம் போட்டார்கள். குழாயை மட்டும் பெரிதாக்காமல், சில தெருக்களை நடுவில் குழிவாக்கி, மழை நாளில் தெருவே வாய்க்காலாக ஓடட்டும் என்றார்கள். பூங்காக்கள் தற்காலிகக் குளம். நாம் செய்வது நேர் எதிர்: தெரு மேலே, வீடு கீழே.

பழைய ஓவர்சியர்:
நல்ல யோசனைதான் அம்மா. ஆனால் இங்கே தெருவைத் தாழ்த்தினால் முதலில் சண்டைக்கு வருவது தெருக்காரர்களாகத்தான் இருக்கும், ஸ்கூட்டர் போகாது என்று. குறைந்தபட்சம் சுரண்டிவிட்டுப் போடச் சொல்லலாம். 2021-லேயே அரசு உத்தரவு வந்துவிட்டது. பழைய தாரைச் சுரண்டும் மில்லிங் மெஷின் வராமல் தார் லாரி மட்டும் வந்தால் நின்று கேளுங்கள்.

தரைத்தளம்:
எதிர்வீட்டார் ஏற்கெனவே தூக்கிவிட்டார் ஐயா. அவர் மனையையும் மண் கொட்டி மேடாக்கியதால் அங்கே தேங்கியதெல்லாம் இப்போது எங்கள் காம்பவுண்டுக்குள்.

பழைய ஓவர்சியர்:
அதைத்தான் சொல்ல வந்தேன். வீட்டைத் தூக்குங்கள், மனையைத் தூக்காதீர்கள். அடியில் தூண் எழுப்பித் தண்ணீர் புக வழி விட முடியுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். முற்றத்தில் கிணறு இருந்தால் மூடவே மூடாதீர்கள்.