தொல்லாழிப்பேரலை வேண்டாம், தொல்பேரலை போதும்

நண்பர்களுக்கு வணக்கம். பேலியோசுனாமி (paleotsunami) என்றால் எழுத்துப் பதிவு இல்லாத பழங்காலத்தில் வந்த சுனாமி. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> பேலியோசுனாமிக்குத் 'தொல்லாழிப்பேரலை' என்று வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலில் காதில் விழுவது 'தொல்லாழி'. அது டெத்திஸ் மாதிரி மறைந்துபோன பழங்கடலுக்கு வேண்டிய சொல். இங்கே பழையது அலைதான், கடல் இல்லை.

சுனாமிக்குச் சிலர் சொல்லும் 'கடல்கோள்' எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் கோள் என்றால் கொள்ளுதல். கடல் ஊரைக் கொண்டது என்றால் அந்த ஊர் திரும்ப வராது. சுனாமி நீரோ வடிந்துவிடுகிறது. ஆய்வாளர் கையில் மிஞ்சுவது அது போட்டுவிட்டுப் போன மண். அந்த மண்ணை வைத்துத்தான் முழு ஆய்வும் நடக்கிறது.

பாப்புவா நியூகினியின் ஐட்டாபே மண்டையோட்டையே பாருங்கள். 1929இல் பால் ஹாஸ்ஃபெல்ட் என்ற நிலவியலாளர் அதைக் கண்டெடுத்தார். கடற்கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் உள்ளே, ஓர் ஓடைக்கரையில். முதலில் ஹோமோ எரெக்டஸ் என்ற, அழிந்துபோன பழைய மனித இனத்துடையது என்று நினைத்தார்கள். பிறகு வயது ஏறக்குறைய 6,000 ஆண்டுதான் என்று தெரிந்தது. சரி, அந்த மனிதர் எப்படி இறந்தார்? எலும்பு அதைச் சொல்லவில்லை. ஜேம்ஸ் காஃப் என்ற சுனாமி ஆய்வாளரின் குழுவினர் அதே இடத்துக்குப் போய் மண்ணை எடுத்து உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார்கள். திறந்த கடலில் வாழும் டையாட்டம் என்ற நுண்பாசியின் ஓடுகள் அதில் உடைந்து கிடந்தன. மணல் துகள்களின் அளவும், 1998 ஜூலை சுனாமி அதே கரையில் விட்டுப்போன மண்ணோடு ஒத்துப்போனது. அந்தச் சுனாமியில் 2,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆக, நமக்குத் தெரிந்த மிகப் பழைய சுனாமிப் பலி இவராக இருக்கலாம் என்று 2017இல் எழுதினார்கள். புதைத்த உடலை அலை பெயர்த்திருக்கவும் கூடும் என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் அலைக்கு ஒரு சொல், அது விட்ட மண்ணுக்கு ஒரு சொல் என்று இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். என் பரிந்துரை: தொல்பேரலை, தொல்பேரலைப் படிவு. (தொல்பொருள் போலத்தான், 'தொற்பேரலை' வேண்டாம்.) படிவுக்குப் பதில் வண்டல் என்றால் ஆறுதான் நினைவுக்கு வரும், இங்கே கடல்மணலும் உண்டு. புயல் கொண்டுவந்து போட்டதைப் 'புயலலைப் படிவு' என்றால் இரண்டும் குழம்பாது.

இப்போது எழுதிப் பார்க்கிறேன்: "ஐட்டாபே மண்டையோடு தொல்பேரலைப் படிவில் கிடைத்தது." எனக்கு எங்கும் இடறவில்லை. உங்களுக்கு இடறினால் எந்த இடம் என்று எழுதுங்கள்.

அன்புடன்.