ராணுவப் பயிற்சி வேட்டைக்கு உதவுமா? படையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஒரு கட்டுரை எழுதத் தொடங்கி, பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ராணுவத்தில் பயிற்சி பெற்றவர் நல்ல வேட்டைக்காரர் ஆவாரா என்பதுதான் கேள்வி. கிடைக்கும் உதாரணங்களெல்லாம் தலைகீழாக இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போருக்காக 1900-இல் ஸ்காட்லாந்தில் லோவட் ஸ்கவுட்ஸ் படையைத் திரட்டியபோது, மலைநாட்டு எஸ்டேட்டுகளில் மான் வேட்டைக்கு வழிகாட்டியவர்களைத்தான் தேடிப் பிடித்தார்கள். பின்லாந்தின் புகழ்பெற்ற ஸ்னைப்பர் (மறைந்திருந்து சுடும் வீரர்) சிமோ ஹைஹா, சோவியத் ஒன்றியத்துடனான 1939-40 குளிர்காலப் போருக்கு முன்பே வேட்டைக்காரர். ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டோ எழுபதை நெருங்கும் வயதில், இரண்டாம் உலகப் போரின்போது, சிப்பாய்களுக்குக் காட்டில் பிழைக்கக் கற்றுக்கொடுத்தார். காடுதான் ராணுவத்துக்கு ஆசான் போலிருக்கிறது!

குறி பார்ப்பது, உருமறைப்பு, அசையாமல் கிடக்கும் பொறுமை இவையெல்லாம் உதவும், சரி. ஆனால் மானின் மூக்கை எந்தப் பச்சை உடுப்பும் ஏமாற்றாதே? குளம்புத் தடம் பழையதா புதியதா என்பதை அணிவகுப்பு மைதானத்தில் எப்படிக் கற்பது?

படையில் இருந்துவிட்டு, வெளிநாட்டில் உரிமத்துடன் வேட்டைக்குப் போனவர்கள் இங்கே இருந்தால், பயிற்சியில் எது கைகொடுத்தது, எதை மறக்க வேண்டியிருந்தது என்று எழுதுங்கள். (இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிந்தைய வீரக்கதைகள் மட்டும் வேண்டாம், வம்பு!)