நம்ம ஆர்க்கெஸ்ட்ராவோட ஃபர்ஸ்ட் டிரம்பெட், பாந்த்ரா அங்கிள் ரிட்டையர் ஆயிட்டாராம், அவர்கூட உங்க அனுபவம் சொல்லுங்க

செம்பூர்க்காரி:
பாந்த்ரா அங்கிள் சீட்டை விட்டுட்டார்னு நேத்துதான் தெரிஞ்சது. எல்லாரும் அவரோட ஹை நோட்டைப் பத்தியே பேசுறீங்க, எனக்கு மண்டைக்குள்ள நிக்கிறது அவர் வாசிக்காம நின்ன நேரம்தான். பீத்தோவனோட லியோனோரா மூணாம் நம்பர் ஓவர்ச்சர் (ஓபராவுக்கு முன்னுரையா எழுதின இசை), அதுல டிரம்பெட் மேடைக்கு வெளிய இருந்து ரெண்டு தடவை ஊதணும்ல, ஜெயில்ல கிடக்கிறவனுக்கு விடுதலை வருதுங்கிற சிக்னல். அன்னிக்கு நான் வாலண்டியர், கதவைத் திறந்து பிடிச்சுக்கிற வேலை. காரிடார்ல ஏசி நடுக்குது, பித்தளை ஆறிட்டா சுருதி இறங்கிடும், அதனால மனுஷன் சத்தமே வராம டிரம்பெட்டுக்குள்ள மூச்சை விட்டுக்கிட்டே நிக்கிறார், கண்ணு மட்டும் கண்டக்டரைக் காட்டுற குட்டி டிவி மேல. கரெக்டா அப்போ கேன்டீன் பையன் கப்பு சாசரைக் கிலுகிலுன்னு ஆட்டிக்கிட்டு வர்றான். அங்கிள் திரும்பல, வலது கையை நீட்டி அவன் தோள்ல வச்சு நிறுத்திட்டார், அந்தக் கையை எடுக்காமலே முழுசா ஊதி முடிச்சார்! பி ஃப்ளாட் டிரம்பெட்ல அது பூரா ஓபன் நோட்டு, வால்வு அமுக்கவே வேண்டாம்னு எனக்கு அப்புறம்தான் சொன்னாங்க. பையன் மூச்சே விடல.

சயான் கார்னெட்:
எல்லாரும் புகழ்றீங்க சரி, கடைசி கச்சேரியில பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன் ஆரம்பிக்கிறப்பவே மூணாவது நோட்டு சறுக்குச்சே, அதை ஏன் யாரும் சொல்லல? முசோர்க்ஸ்கி பியானோவுக்கு எழுதினதை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாத்தின ராவேல் அந்த இடத்துல டிரம்பெட்டைத் தனியா விட்டிருக்கார், ஒளிஞ்சுக்க இடமே கிடையாது. பக்கத்துல செகண்ட் டிரம்பெட் வாசிக்கிற பொண்ணு தாங்க முடியாம கண்ணை மூடிக்கிச்சு, பால்கனியில இருந்து பார்த்தேன். பெரிய மனுஷர்தான், ஒத்துக்கிறேன். ஆனா அறுபது தாண்டுனா உதடு கேக்காது, ரெண்டு வருஷம் முன்னாடியே விட்டிருக்கணும்.

தாராவி பேண்டு:
சயான் தம்பி, அறுபதுன்னு யார் சொன்னது? சிகாகோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுல அடால்ஃப் ஹெர்செத் 1948-ல ஃபர்ஸ்ட் டிரம்பெட்டா உக்காந்தவர் 2001-லதான் அந்த நாற்காலியை விட்டார், 53 வருஷம், அப்போ வயசு கிட்டத்தட்ட எண்பது. நடுவுல 1952-ல கார் ஆக்சிடென்ட்ல உதடு கிழிஞ்சு பல்லு போய் திரும்பி வந்து வாசிச்ச ஆளு. நான் நம்ம அங்கிளை வி.டி. ஸ்டேஷன்ல ஒரே ஒரு தடவை பார்த்திருக்கேன், கேஸை மடியில வச்சுக்கிட்டு வடா பாவ் சாப்பிட்டார், லசூன் (பூண்டு) சட்னியை மட்டும் பேப்பர்ல வழிச்சுப் போட்டுட்டு. கச்சேரிக்கு முன்னாடி உதடு எரியக் கூடாதுல்ல. அவ்வளவுதான் என் கதை. ஆனா வாசிக்கிற பசங்க இதைக் கேளுங்க. முன் பல்லு நல்லா இருக்கிறப்பவே டென்டிஸ்ட்கிட்ட போய் ஒரு அச்சு எடுத்து வச்சுக்கோங்க, நாளைக்கு உடைஞ்சா அதே அளவுல கட்டலாம், இல்லன்னா மவுத்பீஸ் உக்கார்ற இடமே மாறிப் போகும். காலையில எடுத்த எடுப்புல ஹை நோட்டு வேண்டாம், மெதுவா லாங் டோன், அதாவது ஒரே நோட்டை நீட்டி ஊதுறது, உதட்டுல அழுத்தாம. சாப்பிட்டா வாய் கொப்புளிச்சுட்டு ஊதுங்க, இல்லன்னா உள்ள பாசி பிடிக்கும். மழைக்காலத்துல ட்யூனிங் ஸ்லைடுக்கு (சுருதி சேர்க்க இழுக்கிற குழாய்) கிரீஸ் போடாம கேஸ்ல மூடி வச்சீங்கன்னா இறுகிடும், அப்புறம் இழுக்க ரெண்டு ஆள் வேணும். வால்வு ஆயில்ல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, தேங்காய் எண்ணெய் போட்ட ஒருத்தனை எனக்குத் தெரியும்...

செம்பூர்க்காரி:
அண்ணே, ரிட்டையர் ஆனவரைப் பத்தி கேட்டா பல்லுக்கு அச்சு எடுக்கச் சொல்றீங்களே.

சயான் கார்னெட்:
ஹெர்செத் எல்லாம் கோடியில ஒருத்தர் அண்ணே. நான் காதால கேட்டதைச் சொல்றேன்.

செகண்ட் டிரம்பெட்:
கண்ணை மூடினது நான்தான். தாங்க முடியாம எல்லாம் இல்ல, ரெண்டு பார் (தாளக் கட்டம்) தள்ளி எங்க என்ட்ரி, முதல் பார் அஞ்சு அடி, ரெண்டாவது பார் ஆறு அடி, எண்ணிக்கிட்டு இருந்தேன். அப்புறம் சறுக்குனது மூணாவது நோட்டு இல்ல சார், நாலாவது.