கித்தா (ரப்பர்) கொட்டை லாக்கெட்டுக்கு ஊத்துன யூவி ரெசின் காயவே மாட்டேங்குது

கேள்வி (சுங்கை சிப்புட்):
வணக்கம் அண்ணே, அக்கா. தோட்டத்துல பொறுக்குன கித்தா கொட்டையில லாக்கெட் செய்றேன், யூவி ரெசின் (லைட்டு பட்டா இறுகுற பிசின்) ஊத்தி, நகப்பூச்சு காயவைக்கிற 405 நானோமீட்டர் லேம்புல ரெண்டு நிமிஷம் வச்சேன், மேல பிசுபிசுன்னு ஒட்டுது, கொட்டைக்கு அடியில இன்னும் தண்ணியாவே கெடக்கு. ஏன்?

பதில் 1:
தங்கச்சி, லைட்டு படுற எடம் மட்டும்தான் இறுகும், கொட்டை மறைச்சா அடியில ஒன்னும் நடக்காது. மெல்லிசா மூனு தடவையா ஊத்தி ஒவ்வொரு தடவையும் லைட்டுல காட்டும்மா, திருப்பிப் போட்டும் காட்டு. மேல ஒட்டுறதுக்குக் காரணம் காத்துல உள்ள ஆக்சிஜன், கடையில விக்கிறது பெரும்பாலும் அக்ரிலேட் வகை, அதோட வினையை ஆக்சிஜன் தடுத்துரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சிரு. கிளவுஸ் கட்டாயம் போடு, தோல்ல பட்டா அலர்ஜி வரும்.

பதில் 2:
அண்ணன் சொன்னது சரி. லைட்டுல இறுகுற ரெசின்லயே எப்பாக்ஸின்னு இன்னொரு வகை இருக்கு, அது வேற மாதிரி. அதுல கலந்திருக்குற ஒரு உப்பு லைட்டு பட்டதும் உடைஞ்சு ஆசிட்டை விடும், அந்த ஆசிட் எப்பாக்ஸி மூலக்கூறுல உள்ள வளையத்தைத் தொறந்து சங்கிலியா கோத்துக்கிட்டே போகும், லேம்பை அணைச்ச பிறகும் வேலை ஓடும், எனக்கு அதுல ரொம்பப் புடிச்சதே இதுதான். ஆக்சிஜன் அதைத் தடுக்காது, ஆனா ஈரம் அதுக்கு ஆகாது, மழை நாள்ல கொட்டையை நல்லா காயவச்சுக்குங்க.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணே, இன்னிக்கு ராத்திரியே மெல்லிசா ஊத்திப் பாக்குறேன்.