ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு விளையாடியவர்களே, எங்கே மாட்டினீர்கள்?

டக்ளஸ் ஆடம்ஸின் அறிவியல் நகைச்சுவை நாவலான 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு' கணினி ஆட்டமாகவும் வந்தது. புத்தகம் படித்தவர்களுக்கு இந்த ஆட்டம் சுலபமா என்று ஒருவர் கேட்டிருந்தார். முதல் கால்மணி நேரம் சுலபம்தான். படம் கிடையாது, திரையில் எழுத்து வரும், நாம் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். கதாநாயகன் ஆர்தர் டென்டாக இருட்டில் தலைவலியோடு எழுகிறோம், கவுன் பையில் மாத்திரை இருக்கிறது, வெளியே போய், வீட்டை இடிக்க வந்த புல்டோசர் முன்னால் படுக்கிறோம். கதை தெரிந்தவனுக்கு எல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

பூமியை அழித்த வேற்றுக்கிரகவாசிகளான வோகான்களின் கப்பலில் அந்தத் தெனாவட்டு அடங்கிவிடும். எந்த மொழியையும் புரியவைக்கும் பேபல் மீனைக் காதில் போட்டுக்கொள்ளும் விஷயம் நாவலில் சில வரியில் முடிந்துவிடுகிறது. இங்கே இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினால் மீன் எதிர்ச்சுவர் ஓட்டைக்குள் பாய்ந்துவிடும். கவுனைக் கொக்கியில் மாட்டி மறைத்தால், அதில் வழுக்கித் தரையிலுள்ள வடிகாலில் விழும். துண்டால் மூடினால் துப்புரவு ரோபோ ஓடிவந்து பிடுங்கிப்போகும். அதன் வழியைப் பையால் அடைத்தால், மேலே பறக்கும் இன்னொரு ரோபோ! அதை மும்முரமாக்க, பைமேல் விளம்பரக் கடிதங்களை வைக்க வேண்டும். கடிதமோ பூமியில், வீட்டு வாசலில் கிடந்தது. பூமிதான் இப்போது இல்லையே. ஆட்டத்தை வெளியிட்ட இன்ஃபோகாம் நிறுவனம் 'எனக்குப் பேபல் மீன் கிடைத்தது' என்று டி-சர்ட்டே விற்றது என்றால் பாருங்கள்.

———

மீனையாவது மன்னிக்கலாம், தவறு அதே இடத்தில் தெரிந்துவிடுகிறது. நாய்க்கு சாண்ட்விச் போட்டீர்களா? மதுக்கடைக்கு வெளியே நிற்கிற அந்த நாய்க்குப் போடாமல் வந்தால், வெகுநேரம் கழித்து நாம் இருக்கும் நுண்ணிய விண்கப்பல் படையை அது லபக்கென்று விழுங்கும். நாவலில் அந்தப் படையை நாய் விழுங்கும் வரியைப் படித்துச் சிரித்தவர்கள்தான் இதில் அதிகம் விழுந்திருப்பார்கள். டக்ளஸ் ஆடம்ஸே இன்ஃபோகாமின் ஆட்ட வடிவமைப்பாளர் ஸ்டீவ் மெரெட்ஸ்கியோடு உட்கார்ந்து 1984-இல் உருவாக்கியது. தன் வாசகன் எதை நினைவில் வைத்திருப்பான் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

———

எனக்குப் பிடித்தது தேநீர். கையிருப்புப் பட்டியலைக் கேட்டால் 'தேநீர் இல்லை' என்பதும் ஒரு பொருளாக வரும். வெறும் கிண்டல் என்றுதான் தோன்றும். கடைசியில் நம் மூளைக்குள்ளேயே போய்ப் பொது அறிவை எடுத்தெறிந்துவிட்டு, தேநீரையும் 'தேநீர் இல்லை'யையும் ஒன்றாகக் கையில் வைத்திருந்தால்தான் ஒரு கதவு நம்மைப் புத்திசாலி என்று ஒப்புக்கொண்டு திறக்கும். ஆட்டம் முழுவதிலும் நாவலின் குறும்பை மிஞ்சிய இடம் இதுதான் என்பேன்.

பிபிசி ரேடியோ 4 இதை 2004-இல் படங்களோடு இணையத்தில் போட்டது, அதில் ஆடினேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் கண்ணில் படுகிற கருவியை எல்லாம் பொறுக்கிக்கொள்ளுங்கள். முடிவில் மார்வின் என்கிற சோக ரோபோ ஒரே ஒரு கருவி கேட்பான். ஏதாவது ஒன்று குறைந்தாலும், சரியாக அதையேதான் கேட்பான்.