சபாவில் ஒராங் ஊத்தானைக் காண எங்கே, எப்போது செல்லலாம்?

கேள்வி (ஈப்போவிலிருந்து, ஏப்ரல் 2022)

அனைவருக்கும் வணக்கம். 2020 மார்ச்சில் கோவிட் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கைவிட்ட, போர்னியோ தீவிலுள்ள மலேசிய மாநிலமான சபாவுக்கான பயணத்தை மீண்டும் திட்டமிட்டு வருகிறோம். அறுபதைக் கடந்த என் பெற்றோரும் பத்து வயது மகளும் உடன் வருகிறார்கள். ஒராங் ஊத்தான் என்னும் மனிதக் குரங்கை அது வாழும் காட்டிலேயே பார்க்க வேண்டும் என்பது மகளின் நெடுநாள் ஆசை. செப்பிலோக் மறுவாழ்வு மையம், கினபாத்தாங்கான் ஆறு, டானும் பள்ளத்தாக்கு ஆகியவற்றுள் எதைத் தேர்ந்தெடுக்கலாம்? எந்த மாதம் ஏற்றது?

மறுமொழி 1 (சண்டாக்கான் வாசி)

வணக்கம் ஐயா. பெற்றோர் வருவதால் கினபாத்தாங்கானையே பரிந்துரைப்பேன். அங்கே படகில் அமர்ந்தபடியே பெரும்பாலானவற்றைப் பார்த்துவிடலாம். நீள்மூக்குக் குரங்குகள் மாலையில் உறங்குவதற்காக ஆற்றோர மரங்களுக்கு வந்து சேரும், இருவாச்சிகளையும் காணலாம், வாய்ப்பிருந்தால் போர்னியோ யானைக் கூட்டமும் கரைக்கு வரும். ஒராங் ஊத்தான் கண்ணில் படும் என்று மட்டும் எவரும் உறுதி தர முடியாது. அங்கே விலங்குகள் இவ்வளவு எளிதாகத் தென்படுவதற்கு ஒரு வருத்தமான காரணமும் உண்டு. சுற்றியிருந்த தாழ்நிலக் காடுகளின் பெரும்பகுதி செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களாகிவிட்டதால், எஞ்சிய ஆற்றோரக் காட்டுக்குள் அவை ஒதுங்க நேர்ந்திருக்கிறது. மகளுக்கு இதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

டானும் 438 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பழங்காடு; அழகில் அதற்கு இணையில்லை. ஆனால் லஹாட் டத்து நகரிலிருந்து நெடுநேரம் மண்சாலையில் செல்ல வேண்டும், செலவும் மிகுதி, அட்டைக்கடியும் உண்டு.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகும் என்பதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை வருவது நல்லது. சபாவுக்குத் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு. சுற்றுலாவுக்கு வரும் மலேசியர்களுக்கு மைகார்டு (அடையாள அட்டை) போதும், மகளின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வாருங்கள்.

மறுமொழி 2 (வனவிலங்குத் துறை மாணவி)

மேலே சொன்னவற்றோடு ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். ஒராங் ஊத்தான் நமக்கு மிக நெருங்கிய உறவுள்ள உயிரினம் என்பதால், நம்முடைய சளி, காய்ச்சல் போன்ற சுவாச நோய்கள் அதற்கும் தொற்றக்கூடியவை. 1964இல் தொடங்கப்பட்ட செப்பிலோக் மறுவாழ்வு மையத்தில் தாயை இழந்த குட்டிகள் வளர்க்கப்பட்டுக் காட்டு வாழ்க்கைக்குப் பழக்கப்படுத்தப்படுகின்றன. பார்வையாளர்கள் அவற்றுக்கு ஓரளவு அருகில் நிற்க நேரும் இடம் அது. கட்டாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே முகக்கவசம் அணியுங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு இருமல் இருந்தாலும் அன்றைய வருகையைத் தள்ளிப்போடுங்கள். கட்டிய பணம் திரும்பக் கிடைக்காவிட்டாலும் அதுவே முறை. ஆற்றிலும், படகை விலங்குகளுக்கு மிக அருகில் கொண்டுசெல்ல வேண்டாம் என்று படகோட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தங்குவதற்கு, கினபாத்தாங்கான் பகுதியிலுள்ள ‘பத்து பூத்தே’ என்ற கிராமத்தைக் கருதிப் பாருங்கள். அங்கே ஊர்மக்களின் கூட்டுறவுச் சங்கமே ஹோம்ஸ்டேயையும் படகுப் பயணத்தையும் நடத்துகிறது. காடு அழிந்த இடங்களில் மரக்கன்றுகளையும் நட்டு வருகிறது. பயணிகள் வராத காலத்தில் இத்தகைய கிராமங்கள் பெரிதும் வருமானம் இழந்தன.

கேட்டவர்

மிக்க நன்றி. ஜூலையில் செல்ல முடிவெடுத்துள்ளோம். ஆற்றங்கரையில் ஓரிரவு தங்கினால் போதுமா?

மறுமொழி 1

இரண்டு இரவுகளாவது ஒதுக்குங்கள் ஐயா. ஜூலையிலும் மாலை மழை படகை நிறுத்திவிடக்கூடும். அப்படியானால் அடுத்த நாள் விடியற்காலைப் பயணம் கையில் இருக்கும். பெற்றோருக்கும் மகளுக்கும் அளவான உயிர்காப்பு அங்கி உள்ளதா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.